மேலிருந்து தெரியாத வீடு

எங்கள் குடும்பத்தில் மூன்றே பேர். மூன்று பேரும் மூன்று நாட்டில். இதை நான் சொன்னதும் ஜவ்பர் நானா ஆட்டோவின் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். செய்த குற்றத்தை நான் ஒப்புக்கொண்டுவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். எட்டு வயது மகள் மது, ஆரல்வாய்மொழியில் என் அக்கா வீட்டில். நான் இலங்கையில், புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில், காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்க வந்தவள். ஊரிலும் இதே வேலைதான். அங்கே வருஷக்கணக்காகத் தற்காலிகம் என்றே வைத்திருந்தார்கள். இங்கே நிரந்தரம் என்றார்கள்; கடல் தாண்டி வந்துவிட்டேன். அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே ‘வெளிநாட்டுப் பிரஜை’ என்று அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அக்காவின் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்திருந்தது. இரண்டு அறை குவார்ட்டர்ஸில் அவர்களுக்கே இடம் போதாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எனக்கு இங்கே ஒரு வீடு அமைந்தால் மது என்னிடம் வருவாள். அமையாவிட்டால் விடுதி. “ஒரு வருஷம்தானே, பழகிடுவா” என்று அக்கா போனில் சொன்னாள். பழகிவிடுவாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனியின் தங்குமிடம் ஆண்களுக்கானது. எனக்கு அலுவலக மாடியில், ஜெனரேட்டருக்கு மேலே, ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஜவ்பர் நானாவின் ஆட்டோவைப் பிடித்து வீடு தேடப் புறப்பட்டேன். அண்ணனை இங்கே நானா என்கிறார்கள். முதல் வீட்டில் புருஷன் எங்கே என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்களுக்கான வாடகையைச் சொன்னார்கள். ஆலங்குடாவில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்களின் பருவம் தொடங்கப் போகிறதாம். கோழிக்கூட்டுக்குக்கூட வெள்ளையடித்து வாடகைக்கு விடத் தயாராக இருந்தார்கள். ஒரு ஹோட்டல் வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, “கிச்சன் வேலைக்கா? பின் பக்கத்தால போங்க” என்றார். நான் வெளிநாட்டவள் என்றேன். சிரித்தார். என் நிறத்துக்கு வெளிநாட்டவள் என்றால் இங்கே செல்லாது. வாயைத் திறந்தால் உள்ளூர்க்காரி என்பதும் செல்லாது. வெயில், தாகம், இரண்டுங்கெட்டான் நிலை. ஆட்டோவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

“தங்கச்சி, ஒரு வீடு இரிக்கி” என்றார் ஜவ்பர் நானா, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு. “எங்கட ராத்தாட வீடு. ஆனா அவ இத்தாவில இரிக்கிறா.”

இத்தா என்னவென்று அவர்தான் விளக்கினார். கணவன் மௌத்தானால், அதாவது இறந்தால், மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அப்பா, சகோதரன், மகன் போன்ற நெருங்கிய உறவு தவிர வேறு ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அவருடைய அக்கா ஹாஜராவின் கணவர் கடல் தொழிலாளி, மாரடைப்பில் போய்விட்டார். மகன் கத்தாரில், வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. “அவ தனிய இரிக்கிறா. ஒரு பொம்பளத் துணை எண்டா நல்லம். நீங்க பொம்பள. காத்தாடில ஏறினாலும் பொம்பளதானே.”

வீடு எனக்குப் பார்த்தவுடன் பிடித்தது. பக்கவாட்டில் தனி வாசலோடு ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. பின்னால் கிணறும் முற்றமும். முற்றத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே தகர வேலி. கடற்கரையில் வரிசையாக நிற்கும் எங்கள் காற்றாலைகளில் ஒன்று வேலிக்குப் பின்னால் எழும்பி நின்றது. மாலையில் அதன் இறகுகளின் நிழல் முற்றத்தைத் துடைத்துத் துடைத்துப் போகும். ஹாஜரா ராத்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலையில் வந்து, என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆம்பிளையாக்கள் வரப்படாது. மத்தப்படி ஒங்கட வீடு மாதிரி இரிங்க” என்றார். “ஒங்கட புள்ள எப்ப வருது?”

அந்தக் கேள்வியிலேயே நான் பாதி இளகிவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் வேலை. இங்கே தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்கிவிட்டால் மேலே ஏற முடியாது; அதற்குள் எல்லாக் காற்றாலைகளையும் பார்த்து முடிக்க வேண்டும். என் கூட்டாளி சம்பத், சிலாபத்துக்காரர். எனக்குச் சிங்களத்தில் நன்றி சொல்ல மட்டும் தெரியும். அவருக்குத் தமிழில் ‘மெதுவா’, ‘சாப்பாடு’, ‘அக்கா’ தெரியும். மீதிக்கு ஓட்டை ஆங்கிலமும் கைஜாடையும். கோபுரத்துக்குள் ஏணி. ஏறி முடிக்கும்போது தொடை இரண்டும் என்னுடையவை அல்ல என்று தோன்றும். ஆரல்வாய்மொழியில் மலைக்காற்று வியர்வையை உலர்த்திவிடும். இங்கே கடற்காற்று உப்பைப் பூசிவிட்டுப் போகிறது.

வேலை முடிந்து திரும்பினால் ராத்தா பிட்டும் இறால் ஆணமும் மூடி வைத்திருப்பார். குழம்பை இங்கே ஆணம் என்கிறார்கள். எங்கள் ஊரிலும் புட்டு உண்டு; பயறும் பப்படமும் வைத்துப் பிசைவோம். இங்கே பிட்டில் தேங்காய்ப்பூ அதிகம், ஆணத்தில் உறைப்பு அதிகம். தேத்தண்ணியில் சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். களைப்பில் பாதிக் கோப்பையிலேயே நான் தூங்கி விழுவேன். “படுங்க மகள், படுங்க” என்று கோப்பையைக் கையிலிருந்து வாங்கிவிடுவார்.

புதன்கிழமை மஸ்கட்டிலிருந்து கணவர் வீடியோவில் அழைத்தார். வீட்டைக் காட்டு என்றார். நானும் போனைத் திருப்பிச் சுற்றிக் காட்டினேன். கிணற்றடியில் நின்ற ராத்தா தலையில் சேலையை இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டார். “ஆம்பிளைக் குரலா கேட்டிச்சி? சொல்லியிருந்தா முந்தியே போயிருப்பன்” என்று திரைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு கணவர் அழைத்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். விஷயத்தைப் புரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்குப் பின்னால் நிற்கும் காற்றாலையில் வேலை. உச்சியில், வேன் அளவு பெட்டிக்கு மேல் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, நடுவில் நூல் மாதிரி நிலம். தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. வடக்கே தொலைவில் உச்சமுனைத் தீவு ஒரு கறுப்புக் கோடு. மது முந்தின நாள்தான், “அம்மா, மேல இருந்து நாம இருக்கப் போற வீட்டக் காட்டு” என்று கேட்டிருந்தாள். போனை எடுத்துச் சுற்றிலும் படம் பிடித்தேன். கடைசியில் எங்கள் வீட்டைப் பெரிதாக்கிப் பிடித்தேன். பின்னணியில் சம்பத் கீழே நிற்கும் டிரைவரோடு வாக்கிடாக்கியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

வீடியோவை மதுவுக்கு அனுப்பினேன். மாலையில் ராத்தாவுக்கும் காட்டினேன். வாசல் தாண்டாத மனுஷிக்கு ஒரு பரிசு கொடுக்கிற மாதிரி நினைத்தேன். அவரும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார். கடலைப் பார்த்ததும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். “அந்தா, அது அவர்ட வள்ளம். இழுத்துக் கவுத்து வச்சிரிக்கிறாங்க” என்றார். பிறகு படத்தில் தகர வேலி வந்தது. முற்றம் வந்தது. முற்றத்தில் பாய் விரித்து வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்த வெள்ளைச் சேலையும் வந்தது. சம்பத்தின் குரல் கேட்டது.

“இதத் திரும்பப் போடுங்க” என்றார் ராத்தா.

போட்டேன்.

“இவர் என்ன சொல்றார் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது ராத்தா.”

“‘கீழ ஒரு அம்மா, தலையில ஒண்டும் போடாம வெங்காயம் காய வைக்கிறா. இந்த வெயிலுக்க, பாவம்’ எண்டு சொல்றார். கேட்டவனும் ஏதோ சொல்றான்.” போனை என்னிடம் நீட்டினார். “அழிச்சிருங்க மகள்.”

அழித்தேன். மதுவையும் அழிக்கச் சொன்னேன். புத்தளத்துச் சந்தைக்குப் போகிறவர்கள் இங்கே எல்லோருமே இரண்டு பாஷை பேசுவார்கள் என்பதைக்கூட நான் யோசித்திருக்கவில்லை. போனில் வரும் ஆணைப் பார்த்துத் திரைக்குப் பின்னால் போகிறவர், தலைக்கு மேலே ஆண்கள் நிற்கும் இடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. தினமும் அங்கே ஏறுகிற நானும் யோசிக்கவில்லை. அந்தத் தகர வேலியை நாங்கள் இரண்டு பேரும் அப்படி நம்பியிருந்தோம்.

மறுநாளிலிருந்து முற்றம் காலியாகக் கிடந்தது. வெங்காயப் பாய் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. என் சாப்பாடு மட்டும் படியில் தட்டால் மூடி இருந்தது. வைத்த ஆளைக் காணோம். நான்கு மாதத்துக்கு அவருக்கு மிச்சம் இருந்த வானம் அந்த முற்றத்தளவுதான். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

மாலையில் ஜவ்பர் நானா வந்து ஆட்டோவை விட்டு இறங்காமலே பேசினார்.

“மௌலவிட்டக் கேட்டன் தங்கச்சி. தெரியாமப் பாத்தது குத்தமில்லையாம். இத்தாவுக்கும் ஒண்டும் ஆகல்லையாம். ராத்தாட்டச் சொன்னன். அவ கேக்கிறா, ‘அண்டைக்குத் தெரியாது. இண்டைக்குத் தெரியும்தானே?’ எண்டு.” கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, “ஒங்கட புள்ளையக் கூப்பிடுற கதையக் கொஞ்சம் பிந்திப் பாப்பம். வேணுமெண்டா வேற வீடும் பாக்கிறன்” என்றார்.

வேறு வீடு எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறைக்குள் போய்ப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன். ஊர்விட்டு ஊர் வந்தவளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. கற்று முடிக்கும் முன்பே பரீட்சை வைத்துவிடுகிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

திங்கட்கிழமை வேலையில் சம்பத்திடம் விஷயத்தைச் சொன்னபோது ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தன் அம்மாவும் இப்படித்தான் வெயிலில் கருவாடு காயப் போடுவார், அந்த ஞாபகத்தில்தான் சொன்னேன் என்றார். இனி அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்றார். மனுஷன் சொன்னால் செய்வார். ஆனால் அவர் திரும்பவில்லை என்பது கீழே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? நான் மட்டும் தனியாக ஏறலாம் என்றால், இரண்டு பேர் இல்லாமல் ஏறக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அன்று வீட்டுக்கு வந்தபோது முற்றத்தின் மேல் நீலப் படங்கு ஒன்று கட்டியிருந்தது. எங்கள் ஊர்த் தார்ப்பாய்தான். ஜவ்பர் நானா கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காற்று உள்ளே புகுந்து படங்கு கர்ப்பிணி வயிறு போலப் புடைத்து நின்றது. இது தாங்காது என்று எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. இருட்டுவதற்குள் ஒரு மூலை கிழிந்தது, கயிறு இரண்டு ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. படங்கு வேலியில் சிக்கிப் படபடவென்று அடித்துக்கொண்டது. கதவிடுக்கில் நின்று ராத்தாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்தா, காத்த மறிச்சா அது கோபப்படும். வழி விட்டுடணும்” என்றேன். அவர் கதவைச் சாத்தவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை புத்தளம் டவுனுக்குப் போய் வெங்காய நாற்றுக்கு மேலே கட்டுகிற பச்சை நிழல் வலை ஒரு சுருள் வாங்கினேன். இரண்டாக மடித்துக் கட்டினால் பார்வை போகாது, காற்று போகும். திரும்பும் பஸ்ஸில் சுருளை ஏற்ற நடத்துநரிடம் மன்றாட வேண்டியிருந்தது. பாதி வழியில் நடுரோட்டில் கழுதைகள் கூட்டமாக நின்றன. இந்தப் பக்கத்துக் கழுதைகளுக்கு ஹாரன் தாலாட்டு. டிரைவர் ஒதுக்கி ஓட்டப் பார்த்ததில் பின் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் தள்ள, பெண்கள் உப்பளத்து ஓரமாக நின்றோம். நான் சுருளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தூத்துக்குடி உப்பளத்து வெளிச்சம் மாதிரியே கண்ணைக் கூசியது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கழுத்து அட்டையைப் பார்த்தாள். “நீங்கதானே காத்தாடில ஏறுற இந்தியாக்காரப் புள்ள? மேல நிண்டா எங்கட வீடெல்லாம் தெரியுமாமே?”

கதை ஊருக்குள் போய்விட்டது. இல்லை என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. களைப்பில் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

“ஓம், தெரியும்” என்றேன். ஆமாம் என்பதற்கு இங்கே ஓம்; வந்ததிலிருந்து என் வாயில் இயல்பாக வந்த முதல் ஓம் இது.

அவள் வலையைத் தொட்டுப் பார்த்தாள். “இது ஹாஜரா ராத்தாக்கா?” தலையாட்டினேன். “அப்ப கம்பியால கட்டாதீங்க, உப்புக்குத் துருப் பிடிச்சிரும். நைலான் கயித்தால கட்டுங்க” என்றாள். பஸ் கிளம்பியபோது சுருளின் மறுமுனையை அவள்தான் தூக்கி ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏணியை எடுத்தேன். கோபுரத்தில் கயிறு கட்டுகிற முடிச்சுகளையே போட்டேன். ஓரங்களை இறுக்காமல் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். இரண்டாவது மூலைக்குப் போனபோது ஏணி ஆடவில்லை. குனிந்து பார்த்தால் ராத்தா பிடித்துக்கொண்டு நிற்கிறார், தலையை மூடிக்கொண்டு, ஒரு கண்ணால் காற்றாலை உச்சியைப் பார்த்தபடி.

“இண்டைக்கு லீவு ராத்தா. மேல யாரும் இல்ல.”

“ஒங்களுக்குக் கோவமா மகள்?”

“எனக்கென்ன கோவம். நீங்கதான் முகத்தையே காட்டல்ல.”

“கோவம் இல்ல. வெக்கம்.” கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினார். “தொண்ணூறில இயக்கத்து ஆக்கள் மன்னாரில இருந்த முஸ்லிம்கள் எங்கள எல்லாம் வெளியேத்தினாங்க. நான் குமர்ப் புள்ள. இஞ்ச முகாமில ஓலைக் கொட்டில். ஒரு சுவர் இல்ல. குளிக்கிறதுக்கு ரெண்டு பேர் சேலையப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். அவர் கலியாணம் முடிச்ச கையோட செஞ்ச முதல் வேலை இந்த வேலிதான். ‘இனி ஒன்ன ஒருத்தரும் பாக்க மாட்டாங்க’ எண்டார். அவர் போன பிறகு அந்த வேலியும் பொய்யாப் போயிட்ட மாதிரி இருந்திச்சி.”

நான் ஏணியிலேயே நின்றேன். மன்னிச்சிருங்க ராத்தா என்றேன். “கயித்த இறுக்குங்க” என்றார். மதியம் வரை இரண்டு பேரும் கட்டினோம்.

“எனக்குக் கீழ இருந்து ஒண்டும் விளங்காது” என்றார் கடைசியில். “நீங்க மேல ஏறிப் பாத்திட்டு உண்மையச் சொல்லுங்க. தெரிஞ்சா தெரியும் எண்டே சொல்லுங்க. அதுக்குப் பிறகு புள்ளைட கதையப் பாப்பம்.”

திங்கட்கிழமை அதே காற்றாலையில் ஏறினேன். ஏணி அன்றைக்கு இன்னும் நீளமாக இருந்தது. மூடியைத் திறந்து வெளியே வந்ததும், நான் எதுவும் சொல்லாமலே சம்பத் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கீழே பார்த்தேன். தகர வேலிக்குள் பச்சையாக ஒரு சதுரம், காற்றுக்கு மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு ராத்தாவை அழைத்தேன்.

“முற்றத்துக்கு வாங்க ராத்தா. நடங்க.”

“நடக்கிறன். தெரியுதா?”

“இல்ல.”

“கைய ஆட்டுறன்.”

“தெரியல்ல.”

“பொய் சொல்லாதீங்க மகள்.”

“இல்ல ராத்தா. சத்தியமா ஒண்ணுமே தெரியல்ல.”

போனில் ஏதோ உதறும் சத்தம், பாய் விரிக்கும் சத்தம். “இஞ்ச பிள்ளையள் பள்ளிக்குப் போகக்குள்ள கண்டபடி வெயிலுக்க ஓடுதுகள். ஒங்கட மகளுக்கு ஒரு தொப்பி கொண்டரச் சொல்லுங்க” என்றார் ஹாஜரா ராத்தா.

உச்சியில் நின்றே அழுதுவிட்டேன். சம்பத் திரும்பவில்லை. ‘மெதுவா, அக்கா, மெதுவா’ என்று கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

அன்று மாலை மதுவுக்கு மேலேயிருந்து எடுத்த புதுப் படம் ஒன்றை அனுப்பினேன். கடல், களப்பு, புகைபோக்கி, வெங்காயத் தோட்டங்கள். உடனே அழைத்தாள்.

“இதுல எதும்மா நம்ம வீடு?”

“பச்சையா ஒரு கட்டம் இருக்குல்லா? உள்ள ஒண்ணும் தெரியாம? அதுதான்.”

அவள் படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. நான் கடல் தாண்டி வந்ததிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் இப்படி இழுத்து இழுத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

“அப்போ நான் அங்க வந்து முற்றத்துல விளையாடுனா, மேல இருந்து நீ என்னை எப்படிம்மா பாப்ப?”

“பாக்காண்டாம் மக்ளே,” என்றேன். “எறங்கி வந்தா நீ அங்க இருப்பியே.”